அப்பிச்சி நோயில் விழுந்த கதை

எங்கள் அப்பிச்சிக்கு மூச்சிரைப்பு வருவது என்று அடுப்படியில் வைத்து முடிவானது. முடிவு செய்தவர்கள் அம்மாவும் அப்பாவும். நோயாளியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவைப் பெற்ற அந்த மனிதர் அந்நேரம் கடைவீதியில் திடகாத்திரமாக உட்கார்ந்து டீயில் வர்க்கி பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

அப்போது நாங்கள் குன்னூருக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தா வேலை. வீடு என்றால் ஒரு முன்னறை, ஓர் உள்ளறை, அடுப்படி, அவ்வளவுதான். ஆனால் முன்னறை ஜன்னல் வழியாகக் காலை வெயில் உள்ளே வரும். மலையில் குடியிருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதற்கு முன் பல வருஷங்கள் வெயிலே எட்டிப் பார்க்காத ஒற்றை அறையில், காயாத துணிகளோடு மல்லுக்கட்டியவள் அம்மா. அந்த முன்னறையை அவள் கோயில் மாதிரி வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் இலங்கையிலிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தோட்டத்தில் வேலை இருந்தது, வீடு இல்லை. தொழிலாளர்களுக்கென்று வரிசையாக லயன் வீடுகள் கட்டி முடிகிற வரைக்கும் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஆளுக்கோர் அறை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கட்டாயமெல்லாம் இல்லையாம், மனிதாபிமானமாம். தோட்டத்து ஆபீசர் மட்டும் ஜீப்பில் வீடு வீடாக வந்து பார்ப்பாராம்.

"கட்டாயமில்லாததுக்கு ஜீப்பு என்னத்துக்குங்க?" என்று அம்மா கேட்டாள்.

குவார்ட்டர்ஸ் முழுவதும் திடீரென்று இடநெருக்கடி உண்டாயிற்று. மேல்வீட்டு டிரைவர் தன் முன்னறையில் கூரை தொடுகிற அளவுக்கு உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கினார். பக்கத்து வீட்டு டீச்சர் ஜெகதளாவிலிருந்து நாத்தனாரையும் அவர் பிள்ளைகளையும் வரவழைத்துக்கொண்டார். எங்கள் பங்குக்கு அப்பிச்சி முன்னறையில் நோயாளியாகக் கிடப்பது என்று ஏற்பாடாயிற்று. காசம் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவார்கள், மூட்டுவலியை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று பலவற்றையும் அலசி, கடைசியில் மூச்சிரைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்பிச்சிக்கு விஷயம் சொல்லப்பட்டபோது அவர் கோபப்படவில்லை. இளமையில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். ஒரே நாளில் நான்கு விதமாக இரைக்கப் பழகிவிட்டார். இருப்பதிலேயே பயங்கரமானதை ஆபீசருக்கென்று எடுத்து வைத்திருந்தார்.

ஆபீசர் வந்தார். கிழங்கு மூட்டைகளைக் கண்டதும், "கிழங்குக்குக் குளிர் ஒண்ணும் பண்ணாது, வெளிய வைங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பிச்சி தன் முழுத் திறமையையும் காட்டினார். ஆபீசர் பதறிப் போனார். நல்ல மனிதர், உண்மையாகவே கலங்கிவிட்டார்.

"இவரை இப்படியே விடறது தப்புங்க. சிலோன்ல தோட்டத்து டிஸ்பென்சரில நர்ஸுக்கு ஒத்தாசையா இருந்த அம்மா ஒருத்தர் வந்திருக்காங்க. அவங்களையே இங்க அனுப்பி வைக்கறேன். கூட இருந்து பார்த்துக்குவாங்க."

நன்றியெல்லாம் வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் கல்லும் கரிந்திருக்கும்.

மறுநாள் சிலோன் அத்தை வந்து சேர்ந்தார். நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அதிகம் பேசாத கணவர், கைக்குழந்தை, ஒரு தகரப் பெட்டி, இவ்வளவுதான் அவர் குடும்பம். பெட்டியை முன்னறையில் வைத்த கையோடு அப்பிச்சியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"ரொம்ப முத்திப் போச்சு ஐயா. நல்லா கவனிக்கணும்" என்றார் கடைசியில்.

அன்றோடு அப்பிச்சியின் நல்ல காலம் முடிந்தது. கடைவீதி கிடையாது. பீடி கிடையாது. வர்க்கி என்ற பேச்சே கூடாது. காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, நடுவில் மிளகும் என்னென்னவோ வேரும் போட்ட கஷாயம். பால் ஊற்றாத தேநீரைச் சாயத்தண்ணி என்று சொல்லி, ஒரு கை சீனியைத் தனியே கொடுத்து நக்கிக்கொண்டு குடிக்கச் சொன்னார். அது ஒன்றுதான் அப்பிச்சிக்குப் பிடித்திருந்தது.

"கண்ணு, அந்தப் பொம்பளை என்னைக் கொல்லாம விடாதாட்டிருக்குது" என்று என்னிடம் முனகுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் பாவாடையில் வர்க்கியை ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பேன். கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு தின்பார். சிலோன் அத்தை கம்பளியை உதறும்போது வர்க்கித் தூள் பொலபொலவென்று கொட்டும். அவர் அதைக் கூட்டி வெளியே போட்டுவிட்டு, அன்றைக்குக் கஷாயத்தில் மிளகைக் கொஞ்சம் கூட்டிவிடுவார்.

அடுப்படியில் நடந்தது வேறு யுத்தம். சிலோன் அத்தை தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சம்பல் இடிப்பார், உரலில் காரம் ஏறிவிட்டது என்று அம்மா கத்துவாள். குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததால் காலையில் ஜன்னல் வெயிலில் துணி விரித்து அதைக் கிடத்துவார். அது அம்மா துணி உலர்த்துகிற இடம். முணுமுணுத்துக்கொண்டே அம்மா கொடியை அவிழ்த்து உள்ளறையில் கட்டினாள். துணி காயவில்லை. அதற்கும் அப்பாதான் திட்டு வாங்கினார்.

இரண்டு மாதம் போல் ஆகியிருக்கும். ஓடைப் பக்கம் தகரக் கொட்டகை போட்டாகிவிட்டது, சிலோன்காரர்கள் எல்லோரும் அங்கே மாற வேண்டும், குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு அவரவர் அறை திரும்பக் கிடைக்கும் என்று அப்பா செய்தி கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஆபீசர் நேரில் வந்து, பெரியவருக்குக் குணமாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு உத்தரவு போடுவாராம்.

அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அப்பிச்சிக்கு அதைவிட. நோயில் விழுந்ததைவிட வேகமாக அவர் எழுந்துவிட்டார். சிலோன் அத்தை மட்டும் தகரப் பெட்டியைத் திறந்து துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினார். மழை பிடித்துக்கொண்டிருந்தது.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள், விறகு பொறுக்கி வருகிறேன் என்று அம்மா ஓடைப் பக்கம் போனாள். விறகில்லாமல் திரும்பி வந்தாள். முழங்கால் வரை சேறு. அப்பாவிடம் மெதுவாகப் பேசியது எனக்குக் கேட்டது.

"கீழ எல்லாம் தண்ணி ஓடுதுங்க. சாக்கைத்தான் தடுப்பாக் கட்டியிருக்காங்க. நாமளே இவங்கள வெச்சுக்கறோம்னு சொன்னா ஆகாதுங்களா?"

"உள்வாடகைக்கு உட்டுட்டம்பாங்க. இருக்கற ஊடே போயிரும்" என்றார் அப்பா.

அம்மா கால் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் அப்பிச்சி முகம் மழித்து, சலவைச் சட்டையும் அப்பாவின் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை போல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆபீசர் கேட்டால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடந்து காட்டுவதாகத் திட்டம். ஜன்னலோரம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது.

வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கட்டில் காலடியில் மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்து அப்பிச்சியின் மடியில் வைத்தாள்.

"ஏனுங்கப்பா, உங்களுக்குக் குளுருதுங்களா?"

அப்பிச்சி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஆமாங்கண்ணு, என்னமோ பண்ணுது" என்று சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பொய் சொன்னதற்குச் சாமி நிஜமாகவே நோயைக் கொடுத்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். அவர் நெட்டையான மனிதர். ஷூ போட்ட கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

ஆபீசர் உள்ளே வந்தபோது அப்பிச்சியின் இரைப்பு தெருவரை கேட்டது. சிலோன் அத்தை ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்பக் கைய விட முடியாதுங்க ஐயா. ரெண்டு மூணு மாசமாவது ஆகும்."

ஆபீசர் அப்பிச்சியைப் பார்த்தார், கயிறு கட்டிய பெட்டியைப் பார்த்தார், கடைசியாக அந்த ஷூவை வெகுநேரம் பார்த்தார்.

"குளிர் காலத்துல நோயாளிக்குக் காலைச் சூடா வெச்சிருக்கறது நல்லதுதான். லயன் வீடு முடியற வரைக்கும் இந்தம்மா இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போனார்.

அன்று சாயங்காலம் அம்மா கோழிக்குழம்பு வைத்தாள். பண்டிகை எதுவும் இல்லை. சாகக் கிடப்பவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லிக் கேட்டிருந்தேன். அப்பிச்சி மூன்றாம் தடவையும் சோறு கேட்டார். வேண்டாம் என்று சிலோன் அத்தைகூடச் சொல்லவில்லை. அவர் கையில் கஷாயமும் இல்லை. கைவிட்டுவிட்டார்கள் என்று எனக்கு உறுதியாயிற்று. திரும்பிப் பார்த்தால், சிலோன் அத்தை ஜன்னலோரம், கயிறு அவிழ்த்த தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பாவம், அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்து, ஓடிப்போய் அவர் மடியில் விழுந்து நானும் ஓவென்று சேர்ந்து அழுதேன்.