ராமிரோவின் ஒப்பந்தம்

போன வாரம் பக்குரங்கா பிளாசா அங்காடியின் சாப்பாட்டுக்கூடத்தில் யாரோ சூடான உருளைக்கிழங்கு சிப்ஸின் மேல் வினிகர் ஊற்றினார்கள். அந்த வாசனைக்குப் பலருக்குக் கடற்கரை நினைவு வரும். எனக்கு பேஸ்பால் நினைவு வந்தது. ஒரு நாள்கூட மட்டையைத் தொட்டுப் பார்க்காத பேஸ்பால்.

2013 என்று நினைக்கிறேன். 'நினைக்கிறேன்' என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது; எழுந்துபோய்ச் சரிபார்த்துவிட்டேன், 2013தான். அந்தக் குளிர்காலத்தில் அலுவலக ஹீட்டர் படுத்துவிட, நானும் தர்ஷினியும் மதியச் சாப்பாட்டை பிளாசாவுக்கு, வினிகர் ஊற்றிய சிப்ஸுக்கு, மாற்றிக்கொண்டோம். தர்ஷினி என்னோடு கணக்குப் பிரிவில் இருந்தவர். ஊர் யாழ்ப்பாணம், இங்கே வீடு பிளாட் புஷ் பேட்டையில். இருவரும் சேர்ந்து இணைய விளையாட்டு ஒன்றில் ஒரு பேஸ்பால் அணி நடத்தினோம். ஆட்டத்தைக் கணினியே ஆடி முடிவைப் போட்டுவிடும். ஆள் சேர்ப்பதும் ஒப்பந்தம் போடுவதும்தான் எங்கள் வேலை. மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மற்ற அணிக்காரர்கள் அமெரிக்கர்கள். எங்களுக்கு வியாழன் விடியும்போது அவர்கள் இன்னும் புதனில் இருப்பார்கள். அதில் எனக்குக் காரணமே இல்லாத ஒரு பெருமை.

எங்கள் செல்லப்பிள்ளை ராமிரோ. கணினி உருவாக்கிய ஆள்தான். பந்து பிடிக்கத் தடுமாறிய காலத்திலிருந்து வளர்த்தோம். அந்தப் பருவத்தின் முடிவில் அவன் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கச் சம்பளத்தில் இடம் ஒதுக்கியிருந்தோம். அப்போது பார்த்து பென்வில் சந்தைக்கு வந்தான். பந்தெறிபவன். அடிப்பதிலும் நல்ல புள்ளிகள்.

"எறியவும் தெரியும், அடிக்கவும் தெரியும். ஆல்ரவுண்டர். விடேலுமே?" என்றார் தர்ஷினி.

"அப்புறம் ராமிரோவுக்கு இடம் இருக்காதே?"

"இவர் ரெண்டு பேற்ற வேலை செய்வார். அந்த மிச்சத்தில அவனை வச்சிருக்கலாம். நீங்கள் கிரிக்கெட் பாக்கிறேல்லையோ?"

பார்ப்பேனே. அதுதான் வினை. ஐந்து பருவத்துக்கு எழுதிக் கொடுத்தோம்.

பென்வில் நன்றாகவே எறிந்தான். அடிக்க மட்டும் வரவேயில்லை. கொஞ்ச நாள் கணினியைச் சந்தேகப்பட்டோம். பிறகு லீக்கின் அரட்டைப் பக்கத்தில் கேட்டேன். ஓர் அமெரிக்கர் மிக மரியாதையாக விளக்கினார்: எங்கள் பிரிவில் எறிபவர் மட்டை பிடிப்பதில்லை, அவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே தனி ஆள் வேண்டும்.

தர்ஷினி இரண்டு முறை படித்தார். "அப்ப எறிஞ்சுபோட்டு அவன் சும்மா குந்தியிருக்கிறதோ?"

"ஆமா. அதுக்குத்தான் அஞ்சு சீசன் குடுத்திருக்கோம்."

அடிக்கத் தனியாக ஓர் ஆளை எடுத்தோம். ராமிரோவின் இடம் போயிற்று. பென்வில்லை யார் தலையிலாவது கட்டப் பார்த்தோம், ஒருவரும் ஏமாறவில்லை. கடைசியில் ராமிரோவை விடுவிக்கும் பொத்தான் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"நீங்களே அமத்துங்கோ, எனக்கு ஏலாது" என்று தர்ஷினி என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அமுக்கினேன். அவனை எடுத்துக்கொண்டவர், எங்களுக்கு விதியை விளக்கிய அதே மரியாதைக்காரர்.

அதன் பிறகு தர்ஷினி அந்த மனிதருடைய அணியின் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் எங்களுடையதைத் திறப்பார். "எங்கட பெடியன் நேற்று விளாசியிருக்கிறான்" என்பார். எங்கள் அணி தோற்றிருக்கும். அவனிடமே தோற்ற நாட்களும் உண்டு. அன்று தர்ஷினிக்குச் சாப்பாடு கூடுதலாகவே இறங்கும்.

பிறகு அலுவலகம் வேறு பேட்டைக்குப் போனது. தர்ஷினி பிரிஸ்பேனுக்குப் போனார். 2018இல் அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள், ஒரு பருவத்தின் பாதியில். முகவரியைத் தட்டினால் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. அன்று தர்ஷினி அழைத்தார். எங்கள் அணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ராமிரோவுக்கு இன்னும் ரெண்டு சீசன் கொன்ட்ராக்ட் கிடக்கெல்லே" என்றார்.

ஆமாம், இருந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.