கரியாலூர் ரோட்டில் பூட்டிக்கொண்ட கார்

நாயைப் போட்டோ எடுக்கிறது லேசுன்னு நினைக்கிறவங்க, செம்மண் நிறத்து நாய் ஒண்ணைச் செம்மண் ரோட்டுல நிக்கவெச்சி, உச்சி வெயில்ல எடுத்துப் பாக்கட்டும். நாயே தெரியாது. கண்ணு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு கறுப்புப் பொட்டு தெரியும், அவ்ளோதான். எங்க நாய் அந்த நிறம். மார்ல மட்டும் கொஞ்சம் வெள்ளை. தெருவுல கெடந்த குட்டியைத் தூக்கினு வந்தது. பேர் ஒண்ணு வெச்சோம், நிக்கல. வூட்டுல எல்லாரும் கழுதைன்னுதான் கூப்பிடுவோம். எல்லாரும்னா யாரு, நானும் என் வீட்டுக்காரரும்தான்.

நான் கள்ளக்குறிச்சியில கணக்கு டீச்சர். சனிக்கிழமை ஆனா ஸ்கூட்டியில கால் வைக்கிற எடத்துல கழுதையை உக்காரவெச்சிக்கினு கிளம்பிடுவேன். கோமுகி அணை, நைனார்பாளையம் பக்கத்துல மக்காச்சோளக் கொல்லை, ரிஷிவந்தியம் கோயில் வாசல், எங்கியாவது. நாய்ப் படம் நின்னுக்கினு எடுத்தா உருப்படாது. அதோட கண்ணு உயரத்துக்கு நாம எறங்கணும். புடவையோட மண்ணுல குப்புறப் படுத்து எடுத்திருக்கேன். மறுநாள் பிள்ளைங்க, "டீச்சர் வரப்புல விழுந்து கெடந்தாங்கடா"ன்னு பேசிக்கினு இருந்ததுங்க. பேசிட்டுப் போவட்டும். லென்ஸுக்கு மேல ஒரு பொறை பிஸ்கட்டைப் பிடிச்சிக்கினு நாக்கால "ப்ர்ர்ர்"னு ஒரு சத்தம் கொடுப்பேன். அந்தச் சத்தத்துக்குக் கழுதை எங்க இருந்தாலும் உக்காரும், ரெண்டு காதையும் தூக்கும், லென்ஸைப் பாக்கும். நான் அதுக்குச் சொல்லிக் குடுத்த பாடம் அது ஒண்ணுதான்.

என் வீட்டுக்காரரைப் பத்தியும் சொல்லிடறேன், இல்லன்னா அப்புறம் நடந்தது புரியாது. விதைக் கம்பெனி ஒண்ணுல சூப்பர்வைசர். கெட்டவர் இல்ல. குடி கெடையாது. கை நீட்டினது கெடையாது. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்கு வருவாரு. குரல்தான். டம்ளர் கீழ விழுந்தா ஒரு கத்து, கேட்டைச் சாத்தாம வந்துட்டா ஒரு கத்து. அவர் ஆரம்பிச்சா பக்கத்து வூட்டுல டிவி சத்தத்தைக் கம்மி பண்ணிடுவாங்க, இன்னான்னு கேக்கறதுக்கு. கால் மணி நேரத்துல அடங்கி "காப்பி இருக்கா"ன்னு கேப்பாரு. அவருக்கு முடிஞ்சிடும். எனக்கு அன்னிக்குப் பூரா முடியாது. பன்னெண்டு வருஷமா நான் ஒரு காரியம் செய்யறதுக்கு முன்னாடி, இதுக்குக் கத்துவாரா மாட்டாரான்னு பாத்துட்டுத்தான் செய்யறேன்.

போன வருஷம் கார் வாங்கினாரு. வெள்ளை கார். சீட்டுல இருந்த பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்க விடல. காலையில பல் வெளக்கறதுக்கு முன்னாடி காரைத் தொடச்சிட்டு வருவாரு. "நாய் முடி ஒண்ணு உள்ள பாத்தேன்னு வெச்சிக்க, அதுவும் வெளிய, நீயும் வெளிய"ன்னாரு. சிரிச்சிக்கினுதான் சொன்னாரு. அவர் சிரிச்சிக்கினு சொன்னாலும் அது சட்டம்தான்.

எனக்கு ஆசை விடல. கழுதையை மலை மேல வெச்சி எடுக்கணும். கல்வராயன் மலை மேகத்தைப் பின்னாடி விட்டு எடுத்தா அந்தச் செம்மண் நிறம் எப்படி எடுப்பா தெரியும்னு மனசுலயே படம் ஓட்டிக்கினு இருந்தேன். ஸ்கூட்டியில மலை ஏத்த முடியாது, வழியெல்லாம் குரங்கு, இது எகிறிக் குதிச்சிடும். அதனால ஒரு சித்திரை மாச சனிக்கிழமை, அவர் வேலைக்குப் பைக்குல போனதும், ஏசு படத்துக்குக் கீழ ஆணியில மாட்டியிருந்த கார் சாவியை எடுத்துட்டேன். "பேப்பர் திருத்தப் போறேங்க"ன்னு காலையிலயே ஒரு பொய்யைச் சொல்லி வெச்சிருந்தேன். லைசென்ஸ் இருக்கு, ஓட்டவும் நல்லா வரும். ஆனா தனியா எடுத்தது அன்னிக்குத்தான். பின் சீட்டுல பழைய பெட்ஷீட்டை விரிச்சி அதும் மேல கழுதை.

கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, வளைவு ஆரம்பிச்சதுமே குரங்கு வந்துடுச்சி. நாலு கண்ணாடியையும் முழுசா ஏத்திட்டேன். கரியாலூர் நெருங்கற எடத்துல ரோட்டோரமா ஒரு அம்மா பலாப்பழத்தை அறுத்துச் சுளை வித்துக்கினு இருந்தாங்க. அவங்களுக்குப் பின்னாடி மலை அடுக்கடுக்கா எறங்கிப் போவுது. அதான் எடம்னு நிறுத்தினேன். வெளிச்சம் எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு கேமராவோட எறங்கி, குரங்கு உள்ள பூந்துடப் போவுதுன்னு கதவைப் பட்டுனு சாத்தினேன். இஞ்சினை அணைச்சிட்டேன், சாவி வண்டியிலயே. போன் அங்கியே சார்ஜுல. ரெண்டு நிமிஷ வேலைதானே.

திரும்பிப் பாத்தா கழுதை முன் சீட்டுக்குத் தாவி, ஸ்டியரிங்ல ரெண்டு காலையும் வெச்சிக்கினு நிக்குது. எனக்குச் சிரிப்பு தாங்கல. "டிரைவர் சார், வண்டி வெள்ளிமலை போவுங்களா?"ன்னு கேட்டுக்கினே படமா எடுத்துத் தள்ளினேன். என்னைப் பாத்துட்டு அது கதவுப் பக்கம் வந்து காலைத் தூக்கி வெச்சிச்சி. டக்குனு ஒரு சத்தம். அப்பவும் ஒரு படம் எடுத்தேன். அப்புறம்தான் அந்தச் சத்தம் இன்னான்னு மண்டையில ஏறிச்சி.

நாலு கதவையும் இழுத்தேன். டிக்கியை இழுத்தேன். கதவுல இருக்கற லாக் பட்டனை அது மிதிச்சதுல எல்லாம் பூட்டிக்கிச்சி.

பலாச்சுளை அம்மா கத்தியைக் கையில வெச்சிக்கினே எழுந்து வந்தாங்க. "இன்னாம்மா ஆச்சு?"

"நாயி உள்ள பூட்டிக்கிச்சிங்க."

"சாவி?"

"அதுவும் உள்ளதான்."

அவங்க கார் மேல கையை வெச்சிட்டு வெடுக்குனு எடுத்தாங்க. மலைன்னா குளுகுளுன்னு இருக்கும்னு நாம நினைக்கிறோம். நெழல்ல இருக்கும். நான் வெளிச்சம் பாத்து வெயில்ல நிறுத்தியிருந்தேன். "இன்னாத்துக்குப் பாத்துக்கினு இருக்க, கண்ணாடியை உடை"ன்னாங்க.

"கார் அவருதுங்க."

"நாயி யாருது?"

"என்னுது."

அவங்க என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, இடுப்புல சொருகியிருந்த சின்ன போனை எடுத்து நீட்டினாங்க. "அப்ப உன் வூட்டுக்காரருக்குப் போடு. ரெண்டு கோடு டவர் இருக்கு, கெடைக்கும்." வாங்கினேன். அவர் நம்பர் எனக்கு மனப்பாடம். கட்டை விரலை பட்டன் மேல வெச்சிக்கினு நிக்கிறேன், அமுக்க வரல. காரை யாரைக் கேட்டு எடுத்த, நாயை யாரைக் கேட்டு ஏத்தின, பேப்பர் திருத்தப் போனவ கரியாலூர்ல இன்னா பண்ற, இது மூணுக்கும் என்கிட்ட பதில் இல்ல. "டவர் இல்லிங்க"ன்னு சொல்லி போனைத் திருப்பிக் குடுத்துட்டேன். அந்தப் பொய்யை நினைச்சா இன்னிக்கும் எனக்கு என்னையே அறையணும்போல இருக்கு.

வேற வழி இருக்கும்னு தேடினேன். எந்தக் காலால பூட்டிச்சோ அந்தக் காலாலயே தொறக்கட்டும்னு, கதவுப் பட்டனுக்கு நேரா வெளியில பொறையைக் காட்டினேன். "வா, காலை வெய்யி, இங்க வெய்யி"ன்னு கண்ணாடியைத் தட்டினேன். வரல. பழக்க தோஷத்துல நாக்கால "ப்ர்ர்ர்"னுட்டேன்.

உடனே உக்காந்துடுச்சி. அந்தச் சூட்டுல, டிரைவர் சீட்டுல நேரா உக்காந்து, நாக்கு ஒரு முழத்துக்குத் தொங்க, ரெண்டு காதையும் தூக்கி என்னைப் பாத்திச்சி. போட்டோவுக்குன்னு நினைச்சிக்கிச்சி. கர்த்தரே. பொறையைக் கீழ எறக்கினேன், அப்பவும் அது அசையல. படம் எடுத்து முடிச்சாத்தான் எழுந்திருக்கலாம்னு அதுக்கு நான் பழக்கி வெச்சிருக்கேன்.

அப்பவாவது உடைச்சேனா? இல்ல. ரோட்டைப் பாத்தேன், யாராவது வருவாங்களான்னு. கதவைத் தொறக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் பைக்குல வருவான், கம்பியை விட்டு நெம்புவான், கோடு விழாம தொறந்து குடுப்பான், நான் சாயங்காலத்துக்குள்ள வூட்டுக்குப் போய் பெட்ஷீட்டை உதறி, சாவியை ஆணியில மாட்டிடுவேன். இதெல்லாம் நடக்கும்னு நெசமாவே எதிர்பாத்துக்கினு நின்னேன். உள்ள கண்ணாடி பூரா எச்சில். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிச்சி. அப்புறம் பின்னங்கால் பிளாஸ்டிக் கவர்ல வழுக்கி, ஒரு பக்கமா சாஞ்சிடுச்சி.

நாயைக் கண்டா கல்லைக் காணோம்பாங்க. அங்க ரெண்டும் இருந்திச்சி, எனக்குத்தான் கை எழல. அந்தம்மாதான் பலாப்பழத்துக்கு முட்டுக் குடுத்திருந்த கல்லை எடுத்தாந்து என் கையில திணிச்சாங்க. "நான் உடைச்சேன்னா நாளைக்கு எம்மேல வருவீங்க. நீயே உடை."

அடிச்சேன். ஒண்ணும் ஆவல.

"இன்னாம்மா, கதவு தட்டுறியா? அது வந்து தொறக்குமா?"

அந்த வார்த்தைக்கு ஒரு கோவம் வந்திச்சி பாருங்க. அந்தம்மா மேல இல்ல. ரெண்டு கையாலயும் கல்லைத் தூக்கி ஒரே போடு. பின் கதவுக் கண்ணாடி பொரி மாதிரி கொட்டிச்சி. கையை உள்ள விட்டப்போ ஓரத்துல ஒட்டியிருந்த சில்லு உள்ளங்கையைக் கிழிச்சிது, அது அப்புறம்தான் தெரிஞ்சிது. கழுதையை வெளிய இழுத்துப் பலாமர நெழல்ல போட்டோம். அந்தம்மா குடத்துல இருந்த தண்ணியை வயித்துலயும் காலுலயும் ஊத்தினாங்க, ஈரச் சாக்கை விரிச்சாங்க, தன் முந்தானையில ஒரு துண்டைக் கிழிச்சி என் கையைக் கட்டினாங்க.

பொழைச்சிக்கிச்சி. படிக்கிறவங்க மனசு அடிச்சிக்க வேணாம்னு சொல்லிடறேன். ஆனா அன்னிக்கு எனக்கு அது தெரியாது. கண்ணு தொறந்திருக்கு, வயிறு ஏறி எறங்குது, தலையைத் தூக்கல. வாயில தண்ணி விட்டா ஓரமா வழியுது.

கடைசிப் படம் எடுத்த நேரம் கேமராவுல இருக்கு, பதினொண்ணு நாப்பத்தொண்ணு. என் போனை எடுத்து அவருக்குப் பேசின நேரம் போன்ல இருக்கு, பன்னெண்டு எட்டு. கழிச்சிப் பாக்க கணக்கு டீச்சர் தேவையில்ல. தண்ணி ஊத்தினதுக்கு அஞ்சாறு நிமிஷம் போனாலும், இருபது நிமிஷம் நான் சும்மா நின்னிருக்கேன். போன்ல முதல்ல இன்னா சொன்னேன் தெரியுமா? "ஏங்க, கார் கண்ணாடி உடைஞ்சிடுச்சிங்க." நாயைப் பத்தி இல்ல. "எங்க இருக்க?"ன்னாரு. சொன்னேன். "அங்கியே இரு"ன்னு வெச்சிட்டாரு.

ஒத்தைக் கையால கொண்டை ஊசி வளைவுல காரை எறக்க முடியாது. இருக்கத்தான் வேண்டியிருந்திச்சி. ஒண்ணேகால் மணி நேரம் கழுதை பக்கத்துல மண்ணுல உக்காந்து, ஈரச் சாக்கை மாத்திக்கினு, அவர் இன்னா இன்னா கத்துவாருன்னு ஒவ்வொண்ணா நானே எனக்குக் கத்திப் பாத்துக்கினு இருந்தேன்.

பைக் வந்து நின்னுது. எறங்கி காரை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. உள்ள கையை விட்டு ரெண்டு கண்ணாடித் தூளை எடுத்துப் பாத்தாரு. பெட்ஷீட்டைப் பாத்தாரு. என்கிட்ட வந்தாரு.

"கை இன்னா ஆச்சு?"

"கண்ணாடி."

"எவ்ளோ நேரம் உள்ள இருந்திச்சி?"

அஞ்சு நிமிஷம்னு வாய் வரைக்கும் வந்திச்சி. "இருபது நிமிஷத்துக்கு மேல"ன்னேன்.

"இருபது நிமிஷமா? உடனே உடைக்க வேண்டியதுதானே? ஒரு உசுரு போய்க்கினு இருக்கு, எவனாவது கண்ணாடியைப் பாப்பானா?"

ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய நியாயம். அதை அவர் வாயால கேட்டதுதான் எனக்குத் தாங்கல. "உடனே உடைச்சிருந்தா நீங்க இன்னா சொல்லியிருப்பீங்க?"ன்னு கத்தினேன். பன்னெண்டு வருஷத்துல அவர் கிட்ட நான் கத்தினது அதான் முதல் தடவை. பலாச்சுளை அம்மா அறுக்கறதை நிறுத்திட்டாங்க.

அவர் "கத்தியிருப்பேன்"னாரு.

அதோட விட்டிருக்கலாம். "கத்தினா கத்திட்டுப் போறான்னு உடைக்க வேண்டியதுதானே. நான் இன்னா உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"னாரு. கிண்டல் இல்ல, அவருக்கு நெசமாவே புரியல.

அவர் நாய்ப் பக்கம் திரும்பி, "டேய் கழுதை"ன்னாரு. கத்தல. மெதுவாத்தான் கூப்பிட்டாரு.

ஒரு மணி நேரமாத் தலையைத் தூக்காத நாய், அந்தக் குரலுக்கு எழுந்திரிச்சிது. முன்னங்காலை ஊணி, விழுந்து, மறுபடியும் ஊணி, வாலைக் காலுக்கு நடுவுல இடுக்கிக்கினு, நாலு காலும் வெடவெடன்னு ஆட, தலையைத் தொங்கப் போட்டுக்கினு நின்னுது. "படு, படுடா, படுத்துக்கோ"ன்னாரு. படுக்கல. குந்திக்கினு அதோட முதுகுல கையை வெச்சி அமுக்கினாரு. வெடவெடன்னு ஆடிக்கினே நிக்குது.

"இது இன்னாத்துக்கு நிக்குது?"ன்னு என்னை அண்ணாந்து கேட்டாரு. என்னை ஏற எறங்கப் பாத்தாரு. அவர் மூஞ்சி மாறிச்சி.

"நீயாவது உக்காரேன்"னாரு.

அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சிது, பைக் சத்தம் கேட்டதுல இருந்து நானும் எழுந்து நின்னுக்கினுதான் இருந்திருக்கேன்.