வெந்நீர்த் தொட்டிக்காரன்

மியாக்தி மலையில், எங்கள் ஊர் ஓடைக்கரையில் ஒரு சின்ன மின் நிலையம் உண்டு. அதை ஓட்டுபவன் ஹஸ்தபீர் புன். மகாராஜாவுக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருந்திருக்காது. யாராவது வீட்டில் அரிசிக் குக்கரைச் செருகி ஊர் விளக்குகள் மங்கினால் போதும், கரையிலிருந்து ஏறி வந்து அந்த வீட்டின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசிவிட்டுத்தான் இறங்குவான்.

வாய்தான் அவனுக்கு எமன். ஊர் செலவழிக்காத கரண்டு ஒரு தொட்டிக்குள் போய்த் தண்ணீரைச் சூடாக்கும்படி அங்கே ஏற்பாடு. "நீங்க விளக்கை அணைச்சா என் தொட்டி கொதிக்கும்" என்று பெருமையடித்தான். குளிர்காலம் முழுவதும் ஊரே துணிமூட்டையோடு அங்கே குடியேறியது.

இதற்கிடையில் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் இடிய ஆரம்பித்தது. சரிசெய்ய அரசாங்கம் பணம் தந்தால் உண்டு. இல்லாவிட்டால் நிலையத்துக்கு மூடுவிழா, ஹஸ்தபீருக்குக் கத்தாரில் கூலி வேலை. அதை முடிவுசெய்ய அதிகாரி ஒருவர் எதிர் மலையில் வந்து தங்கினார். மாகே சங்கராந்தியன்று, அதாவது தை முதல் நாள் விடியுமுன், எங்கள் ஊரில் எத்தனை விளக்கு எரிகிறது என்று அங்கிருந்தே பார்ப்பாராம். எல்லா விளக்கையும் எரியவிடச் சொல்லி ஹஸ்தபீர் வீடு வீடாகக் கெஞ்சினான். எல்லோரும் தலையாட்டினோம்.

ஆனால் சங்கராந்தியன்று சூரியன் வருமுன் முழுகினால்தானே புண்ணியம்? முன்னோர்கள் ஓடையில் முழுகினார்கள். அவர்களுக்குத் தொட்டி இல்லை, பாவம். அதிகாரி முன் அழுக்காக நிற்கலாமா என்ற மரியாதை வேறு. நம் ஒரு வீட்டு விளக்கு இல்லாவிட்டால் என்ன தெரியப்போகிறது என்று ஒவ்வொரு வீடும் அணைத்துவிட்டுக் கிளம்பியது. முதலில் அணைத்தவள் ஹஸ்தபீரின் மனைவி தன்குமாரி. தொட்டியடியில் அவன் கத்திய கத்தல் யார் காதிலும் ஏறவில்லை. எல்லோர் தலையிலும் தண்ணீர்.

இருட்டைப் பார்த்த அதிகாரி, விடிந்ததும் பாலம் தாண்டி வந்தார். எண்ணெய் தேய்த்துச் சீவிய தலைகளோடு நாங்கள் வரிசையாக நின்றோம்.

"கரண்டு எங்கப்பா?"

"இவங்க மேல ஆவி பறக்குது பாருங்க, அதுதாங்க" என்றான் ஹஸ்தபீர். குரல் உடைந்திருந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் ஈரத் தலையைக் குனிந்துகொண்டேன்.

தன்குமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. புருஷனைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி உபசாரம் ஒன்றுதான். "வெந்நீர் இன்னும் இருக்குங்க அய்யா. நீங்களும் ரெண்டு செம்பு ஊத்திக்குங்க."

அதிகாரி சுகமாகக் குளித்தார். நெய்யும் வள்ளிக்கிழங்கும் சாப்பிட்டார். பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே, இந்த ஊருக்கு மின்சாரம் தேவையில்லை, நிலையத்தை மூடலாம் என்று எழுதினார்.