ரெஸ்ட்ரெயின்ட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

என் மேசைமேல் ஒரு சீட் பெல்ட் பூட்டு கிடக்கிறது. பெல்ட் கிடையாது, சிவப்புப் பொத்தான் வைத்த பூட்டு மட்டும்தான். ஓசூரில் நான் வேலை பார்க்கும் ஆலையில் தேறாதென்று ஒதுக்கிய சாமான். யோசனை ஓடாதபோது அதன் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பேன். பக்கத்து மேசைக்காரர் பல்லைக் கடித்துக்கொள்வார். எனக்கோ அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் லைன் லீடர் பாயின் ஞாபகம் வரும்.

எங்கள் ஆலையில் சீட் பெல்ட் செய்கிறோம். ஆளை இருக்கையோடு பிடித்து வைக்கும் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரெஸ்ட்ரெயின்ட் என்று பெயர். அந்தப் பிரிவுக்கும் அதே பெயர். பலகைகளைத் தமிழில் எழுத வேண்டும் என்று ஒருநாள் முடிவானது. நான் திருநெல்வேலிக்காரி, அதனால் என் தமிழ் சுத்தமாக இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பயிற்சிப் பிரிவில் சும்மா இருந்த என் தலையில் வேலை விழுந்தது. மற்ற பலகைகள் சுலபமாக முடிந்தன. இந்த ஒரு சொல்லிடம்தான் மாட்டிக்கொண்டேன். ‘கட்டுப்பாடு’ என்றால் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி இருந்தது. ‘தடை’ என்றால் ஆலையையே மூடிவிட்டது போலிருக்கும். ‘நிதானம்’ என்று போட்டால் வேலை மெதுவாக நடக்கும் என்று மேனேஜர் பயப்படுவார். கடைசியில் ‘அடக்கம்’ என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

பலகை மாட்டிய காலையில் ஷிப்ட்டுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஜிஎஸ்டியும் அடக்கமா என்று ஒருவர் கேட்க, சிரிப்பு லைன் முழுக்கப் பரவியது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. பாகலூர் தாண்டி இருக்கும் பேரிகை என்ற ஊர்க்காரர், அந்த லைனிலேயே தலை நரைத்தவர். நேராக என்னிடம் வந்தார்.

“எங்க ஊட்ல அடக்கம்னா மையத்து அடக்கறது மேடம். அந்த போர்டுக்குக் கீழ நின்னுக்கினு எப்பிடி வேல செய்யறது?”

நல்லடக்கம் என்று பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை. சாயங்காலத்துக்குள் பலகை இறங்கியது. பதிலுக்கு ‘ரெஸ்ட்ரெயின்ட்’ என்றே தமிழ் எழுத்தில் மாட்டினோம். பாய்க்குத் திருப்தி. அவருக்கு அது இங்கிலீஷ் இல்லை, உயிரைக் காப்பாற்றும் சாமானின் பெயர். டிரைவர் பெல்ட் போடாவிட்டால் கம்பெனி வேனையே நகரவிடாத மனிதர் அவர்.

அந்தச் சொல்தான் அவரைக் கவிழ்த்தது. அவருடைய அப்பாவை, அவர் அத்தா என்பார், கடும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கேன்டீனில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அங்கிருந்து நர்ஸ் போனில் கூப்பிட்டார். பெரியவருக்கு ரெஸ்ட்ரெயின்ட் போட வேண்டும், சம்மதமா என்று கேட்டார். “கண்டிப்பா போடுங்க சிஸ்டர்” என்றார் பாய். அத்தா கட்டிலிலிருந்து விழாமல் இருக்க நம்ம பெல்ட்டைத்தான் போடுகிறார்கள் போல என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

ஷிப்ட் முடிந்ததும் என் காரிலேயே போனோம். பெரியவரின் இரண்டு மணிக்கட்டும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டியிருந்தது. முடிச்சுகள் கட்டிலுக்கு அடியில், அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தன. காய்ச்சலில் நினைவு தப்பி ஊசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாராம். நர்ஸ் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. முறைப்படி கேட்டார், இவரும் சரியென்றார். “நம்ம சாமான்னு நெனச்சுட்டேன் மேடம்” என்றார் பாய், என் முகத்தைப் பார்க்காமல். பக்கத்தில் ஆள் இருந்தால் கட்டு வேண்டாம் என்று நர்ஸ் சொன்னதும் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், காய்ச்சல் விடும்வரை லீவு.

வீட்டுக்கு அனுப்பிய அன்றும் என் கார்தான். பெரியவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பாய் வழக்கம்போல பெல்ட்டை இழுத்து அவர்மேல் கொண்டுவந்தார். பெரியவர் இரண்டு கையையும் நெஞ்சோடு ஒடுக்கிக்கொண்டார்.

“மறுபடியும் கட்டாதடா. நான் எங்கியும் போயிட மாட்டேன்.”

சாவி என் கையிலேயே இருந்தது. பாகலூர் ரோடு முழுக்க லாரிகள். பெல்ட் போடாமல் பாய் காரை எடுக்க விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். பெரியவரின் மணிக்கட்டில் தழும்பு இன்னும் சிவந்திருந்ததையும் பார்த்தேன். பிடித்துக் கட்டிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. பாய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பெல்ட்டை மாட்டினார், பொத்தானை அமுக்கி அவிழ்த்தார், மறுபடி மாட்டினார். பிறகு அத்தாவின் கட்டைவிரலைப் பிடித்து அவர் பக்கத்துப் பூட்டின் சிவப்புப் பொத்தான்மேல் வைத்தார்.

“இதோட முடிச்சு உங்க கையாண்டயே இருக்குது அத்தா. நீங்க அமுக்கனா அவுந்துக்கும்.”

பெரியவர் தானே பெல்ட்டை இழுத்து மாட்டினார். உடனே அமுக்கினார். அவிழ்ந்தது. வழி நெடுக அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக வந்தார். அவிழ்க்கும்போதெல்லாம் வண்டியில் மணி அடித்தது. நான் மெதுவாகவே ஓட்டினேன். யாராக இருந்தாலும் சத்தம் போடும் பாய், கைகளைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பாகலூர் தாண்டியதும் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். பெரியவர் பெல்ட்டோடு தூங்கிவிட்டிருந்தார். கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது.

பாய் இப்போது ஓய்வுபெற்று பேரிகையில் இருக்கிறார். பலகையில் இன்னும் இங்கிலீஷ் சொல்தான். புதிதாகச் சேரும் பிள்ளைகள் ரெஸ்ட்ரெயின்ட் என்றால் தமிழில் என்ன மேடம் என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். மேசைமேல் கிடக்கும் பூட்டை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, முதலில் அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.