தெப்பக்குளத்துச் சுவர்

பந்து சுவரில் பட்டாலும் ஆட்டம் நிற்காது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குள் நாங்கள் வைத்திருந்த சட்டம் அது ஒன்றுதான். அந்த நாளில் வருடத்தில் முக்கால்வாசி குளத்தில் தண்ணீர் கிடையாது. காய்ந்து இறுகிய தரையில் ஒரு பக்கம் கிரிக்கெட், ஒரு மூலையில் சீட்டாட்டம், மேற்கே கால்பந்தோடு நாங்கள். கோடு போட யாருக்கும் பொறுமை இல்லை. குளத்தின் கருங்கல் சுவர்தான் எங்களுக்குக் கோடு. அதில் பட்டுத் திரும்பி வரும் பந்தைக் காலில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். படிக்கட்டில் பட்டால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று சாமிக்கே தெரியாது. அதனால் படி இல்லாத இடமாகப் பார்த்து அடிப்போம்.

நான் அதில் கெட்டிக்காரன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. எதிரே ஒருவன் மறித்தால் பந்தைச் சுவரில் அடிப்பேன். அவனுக்கு ஒரு பக்கம் பந்து போகும், மறுபக்கம் நான் போவேன், அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் சேர்ந்துகொள்வோம். எட்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை இதைத்தான் செய்தேன். படிப்பு வரவில்லை. அதற்காக நான் அழவும் இல்லை.

ஒரு நூல் மில்லின் கால்பந்து டீமுக்குச் செயலாளராக இருந்தவர் ஒருநாள் கரையில் பைக்கை நிறுத்திவிட்டு எங்கள் ஆட்டத்தை ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு என்னை மேலே கூப்பிட்டார். மூன்று மாதக் கான்ட்ராக்ட், பேருக்கு நூல் குடோனில் வேலை, உண்மையில் ஆட்டம்தான் வேலை, சரிப்பட்டு வந்தால் வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் அனுப்பிவிடுவோம் என்றார். மார்கழி பிறந்திருந்தது. மாசி முடியும்வரை எனக்கு நேரம்.

அப்பாவுக்குக் குளத்தின் கீழ்ப்பக்கம் பஞ்சர் கடை. அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டார். "ஆடுனா சம்பளம் குடுப்பாய்ங்களா?"

"குடுப்பாங்க."

"சரி, ஆடு. வேணாம்னு அனுப்புனா நேரா கடைக்கு வந்துரணும். நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது."

எனக்கு அந்தக் கடை பிடிக்காது. சொல்யூஷன் வாடை, கழுவினாலும் போகாத கறுப்புக் கை, எவனாவது வண்டியை ஆணியில் ஏற்ற மாட்டானா என்று ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பது, எதுவும் பிடிக்காது. அது அப்பாவுக்கும் தெரியும்.

மில்லில் முதல் ஒரு மாதம் நான் ராஜா. லீக் ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்துப் புல் வீணாகிவிடக் கூடாது என்று குடோனை ஒட்டிய வெறுந்தரையில்தான் பயிற்சி நடக்கும். அங்கே ஒரு பக்கம் முழுக்க குடோன் சுவர். நான் அடித்தேன், பந்து திரும்பி வந்தது, ஓடினேன். யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. கோச்சுக்கே தெரியவில்லை. "பய நல்லா வளையுறான்" என்று செயலாளரிடம் சொன்னார்.

பொங்கல் முடிந்து முதல் ஆட்டம், எங்கள் மைதானத்திலேயே. சுண்ணாம்புக் கோடெல்லாம் போட்டு அழகாக இருந்தது. பத்தாவது நிமிடம் இடது ஓரத்தில் எனக்குப் பந்து கிடைத்தது. ஒரு டிபென்டர் மறித்தான். நான் யோசிக்கவே இல்லை. அடித்தேன். பந்து கோட்டைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டிப் போய்ச் சுண்டல்காரர் சைக்கிளைச் சாய்த்தது. நானோ டிபென்டரைச் சுற்றி ஓடி, வராத பந்துக்குக் காலை நீட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மட்டும் மூன்று தடவை இப்படி.

இடைவேளையில் கோச் கேட்டார். "யாருக்குடா பாஸ் போட்ட?"

"சுவத்துக்குண்ணே."

"எந்தச் சுவத்துக்கு?"

கையை நீட்டிக் காட்டினேன். அங்கே சுண்டல்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டிருந்தார். டீமே உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் போய்விட்டது. மில் கேட்டில் வாட்ச்மேன்கூட "வா சுவரு" என்றார்.

அடுத்த வாரம் இரண்டாவது ஆட்டம். அடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போய் அடித்தேன். என் கால் என்னைக் கேட்பதில்லை. பத்து வருடப் பழக்கத்தை யார் திட்டினாலும் நிறுத்த முடியாது. பாதி ஆட்டத்தில் என்னை வெளியே எடுத்துவிட்டார்கள்.

கோபத்தில் நேராகக் குளத்துக்குப் போனேன். அந்தச் சுவரை நாலு மிதி மிதிக்க வேண்டும் போல இருந்தது. போனால் குளம் நிறையத் தண்ணீர். தெப்பத் திருவிழாவுக்காக நிரப்பியிருந்தார்கள். நான் அடித்துத் தேய்த்த இடமெல்லாம் தண்ணீருக்கடியில் இருந்தது. கரை முழுக்க ஜனம், பலூன், பொரிகடலை. ஊரே சந்தோஷமாக இருக்கும்போது மிதிக்கச் சுவர்கூடக் கிடைக்காமல் நான் நின்றேன். கடைக்குப் போனதும் அப்பா என் மூஞ்சியைப் பார்த்தார்.

"என்ன, டியூப் கழட்ட வாறியா?"

"இன்னும் நாளு இருக்கு."

"இருக்கட்டும். நான் சும்மாதேன் கேட்டேன்."

எங்கள் டீமில் இடது ஓரத்தில் ஆடிய அண்ணன் ஒருவர் இருந்தார். முப்பத்து மூன்று வயது. தொப்பை போட்டிருந்தார், இரண்டு முட்டியிலும் வலி. பந்தைத் தொட்டால் தங்கமாகத் தொடுவார், ஆனால் ஓட மாட்டார். வெகுநாள் ஆடியவர் என்பதால் அவரை யாரும் டீமைவிட்டு எடுக்கவில்லை. மறுநாள் கேன்டீனில் அவர் என் எதிரே உட்கார்ந்து இட்லி தின்றார்.

"நீ அடிக்கிறது நல்ல பந்துதான் மாப்ள. வாங்கத்தான் அங்க ஆளில்ல."

"நீங்க வாங்குங்கண்ணே."

"ஓடணுமா?"

"வேணாம். கோட்டுல நின்னாப் போதும்."

அவர் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். "நிக்கிறதா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன. ஓடச் சொன்னா பேச்சே கெடையாது. நிக்கச் சொல்லு, பொழுது அடையிற வரைக்கும் நிக்கிறேன்."

ஷிப்ட் முடிந்ததும் வெறுந்தரையில் சுவர் இல்லாத பக்கமாக இரண்டு பேரும் பழகினோம். முதலில் அவர் பந்தை நிறுத்தி, பார்த்து, பிறகு தள்ளினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சுவரு பந்த நிறுத்துமாண்ணே? வந்த வேகத்துல திருப்பணும். யோசிக்கக் கூடாது."

"சுவத்துக்கு முட்டிவலி உண்டாடா?"

ஆனால் செய்தார். காலைச் சாய்த்து வைத்துக்கொண்டு வந்ததை வந்தபடி திருப்பினார். இரண்டு வாரத்தில் கருங்கல் தோற்றது.

மாசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மேலூரில் ஆட்டம். இதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு என்று கோச் சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, மேலூரில் ஒருத்தரைப் பார்க்க வேண்டும் என்று என்னோடு பஸ் ஏறினார். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது.

என் கதை மேலூர் வரைக்கும் வந்திருந்தது. "மாப்ள, சுவரக் கொண்டாந்தியா, மறந்துட்டு வந்துட்டியா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். அவர்கள் டிபென்டருக்கும் தெரிந்திருந்தது. நான் இடது ஓரத்தில் காலை ஓங்கியதும் அவன் சிரித்துக்கொண்டே ஒதுங்கி, பந்து வெளியே போகட்டும் என்று விட்டு, த்ரோ தங்களுக்கு என்று கையையும் தூக்கிவிட்டான். கோட்டில் அண்ணன் நின்றார். டொப்பென்று பந்து திரும்பியது. அந்தப் பயல் கையை இறக்குவதற்குள் நான் அவனைத் தாண்டிக் கோல் போட்டுவிட்டேன். பாதி நேரத்துக்குப் பிறகு இன்னொன்று, அதே ஆள், அதே இடம். இரண்டாவது தடவை அவன் கையைத் தூக்கவில்லை. ஆனாலும் ஏமாந்தான்.

அதற்கப்புறம் பல வருடம் ஆடினேன். எனக்கும் அண்ணனுக்கும் இடையில் அபாரமான புரிதல் என்று பேப்பரில்கூட எழுதினார்கள். புரிதலாவது மண்ணாங்கட்டியாவது. ஒருவருக்கு ஓட முடியாது, ஒருவனுக்குச் சுவர் இல்லாமல் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது செயலாளர் வந்தார். "நாளைக்கு ஆபீசுக்கு வா. ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுரலாம்" என்றார். கோச் இன்னொரு வடையை எடுத்து என் கையில் வைத்தார். அண்ணன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, தான் அன்றைக்கு மொத்தம் எத்தனை அடி நடந்தோம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் மில் வேனில் போனார்கள். நானும் அப்பாவும் பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு நெருங்கும்போது திரும்பினார்.

"அந்தத் தொப்பக்காரரு ஏன் ஓடவே இல்ல?"

"அவருக்கு நிக்கிறதுதான்ப்பா வேலை."

"அதுக்கும் சம்பளமா?"

"ஆமா."

"நல்ல மில்லுதான். அங்கயே இரு" என்றார்.