மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியிலிருந்த வசனம்

அம்மா நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. எங்கள் அம்மா பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள் என்று ஆரம்பித்தாலே கேட்பவர்கள் முகம் வாடிவிடுகிறது. சிலர் என் கையைக்கூடப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இன்று காலையில்கூட முழங்கால் வலியைப் பற்றி அரைமணி நேரம் புலம்பிவிட்டுத்தான் போனை வைத்தாள். நான் சொல்ல வருவது நான் செய்த ஒரு திருட்டு வேலையைப் பற்றி. ஒன்பது வயதில், ஒரு வருஷப் பிறப்பன்று, ஆண்டவர் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை எடுத்து ஒளித்துவிட்டு, அந்த இடத்தில் எனக்குப் பிடித்த வாக்கு ஒன்றை வைத்தேன்.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில் இருக்கிறது. காலையில் முக்கில் இரண்டு வண்டிகள் வந்து நிற்கும். கம்பெனி வேனில் அம்மாவும் சித்தியும் ஏறுவார்கள். சிவகாசி பஸ்ஸில் அப்பா ஏறுவார். அவருக்கு அங்கே ஓர் அச்சாபீஸில் கட்டிங் மிஷினில் வேலை. வருஷக் கடைசியில் காலண்டர் ஆர்டர்களுக்கு நடுவே அவர்கள் பிரஸ்ஸில் வாக்குத்தத்தச் சீட்டு ஓடும்.

எங்களைப் போல வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், அல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வருஷப் பிறப்புக் காலை ஆராதனை முடிந்ததும் கோயிலில் ஒரு தட்டு வரிசை வரிசையாக வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்த்துக் கிடக்கும். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் வசனம்தான் அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் உங்களுக்கென்று கொடுத்த வாக்கு. பார்த்து எடுக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்று திருப்பிப் போடக் கூடாது. அடுத்தவரோடு மாற்றிக்கொள்ளவும் கூடாது. பிறகு வீட்டில் பிள்ளை பிறந்தாலும் சரி, மாடு செத்தாலும் சரி, எங்கள் ஆட்கள் அந்தச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சீட்டுகள் பெரிய அட்டைத் தாளில்தான் அச்சாகும். ஒரு தாளுக்கு இருபத்துநாலு வசனம். கலர் விலகிப்போன தாள்களை வேஸ்ட் என்று ஒதுக்குவார்கள். அப்பா அவற்றைக் கேட்டு வாங்கி, சுருட்டிக் கயிறு கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போடுவார். என் நோட்டுகளுக்கு அட்டை போட்டதும் அதில்தான், அடுக்களை அலமாரியில் விரித்ததும் அதைத்தான். எங்கள் வீட்டில் பருப்பு டப்பாவும் புளி டப்பாவும் ஆண்டவருடைய வாக்குகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. அதையெல்லாம் வாசித்து வாசித்து எந்த டப்பாவுக்கு அடியில் எந்த வசனம் என்று எனக்கு மனப்பாடமாகியிருந்தது.

அந்த வருஷப் பிறப்பன்று கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது மூன்று சீட்டுகளும் என் கையில்தான் இருந்தன. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதுவரை பொறுக்க முடியாமல் வழியிலேயே பார்த்துவிட்டேன். அப்பாவுக்கு, கால் மிதிக்கும் இடமெல்லாம் சொந்தமாகும் என்று வந்திருந்தது. அவர் பகல் முழுவதும் மிதிப்பது கட்டிங் மிஷினின் பெடலை. எனக்கு வந்தது ஒரு நீளமான வசனம். இடம் போதாமல் பாதியில் நிறுத்தியிருந்தார்கள், ஆகவே எனக்கு என்ன கிடைக்கும் என்பது கடைசிவரை தெரியவில்லை. அம்மாவுக்கு, களஞ்சியம் நிரம்பி வழியும் என்று வந்திருந்தது. எங்கள் வீட்டில் களஞ்சியம் ஏது? ஓர் அரிசி டிரம் இருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆண்டவர் மேல்தான் ஆத்திரம், மறைப்பானேன். அதற்கு முந்தின வருஷம் பக்கத்து ஊரில் ஒரு கம்பெனி வெடித்தபோது எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் வந்தான். யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவின் வேன் சாயங்காலம் முக்கில் திரும்பும் வரைக்கும் நான் வாசற்படியை விட்டு நகரமாட்டேன். பட்டாசுக்குப் போகிறவளுக்குக் களஞ்சியத்தைப் பற்றியா வாக்குக் கொடுப்பார்கள்? தீயின் நடுவே நடந்தாலும் வேகமாட்டாய், நெருப்பு உன்னைப் பிடிக்காது என்ற பொருளில் ஒரு வசனம் உண்டு. அதுதானே அம்மாவுக்கு வந்திருக்க வேண்டும்? அது மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் சும்மா கிடந்தது.

அம்மா சேலை மாற்றப் போன ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்தேன். டப்பாவை நகர்த்தி, விரித்திருந்த தாளில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டினேன். ஒட்டியிருந்த தூளைக் கவுனில் துடைத்தேன். டப்பாவை ஓட்டையின் மேலேயே வைத்துவிட்டு, களஞ்சியத்தை என் கணக்கு நோட்டின் அட்டைக்குள் செருகினேன்.

சாப்பாட்டின்போது அம்மா தன் சீட்டை வாங்கி வாசித்தாள். பிறகு இரண்டு தரம் தும்மினாள். "நல்ல வசனம்" என்று சொல்லி, தூக்குச்சட்டி கொண்டுபோகும் பையின் உள்ஜிப்பில் போட்டு இழுத்து மூடினாள். அதற்குப் பிறகு இரண்டு மாசம் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோது அம்மா ஒருநாள் வந்து, லேபிள் ஒட்டும் வேலையிலிருந்து மருந்து ரூமுக்கு மாறுவதாகச் சொன்னாள். குழாய்களில் வெடிமருந்து அடைக்கிற ரூம் அது. அந்த ரூமின் பெயரை எங்கள் ஊரில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டார்.

"லேபிள்தானே ஒட்டிக்கிட்டிருந்தே? அங்கன போயி உக்கார மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொளுக்கட்டையா?"

"கோவப்படாதீக. ஆண்டவரு இந்த வருசம் எனக்கு என்ன குடுத்திருக்காருன்னு பாருங்க" என்று அம்மா பையின் ஜிப்பைத் திறந்து, நான் வெட்டி வைத்த சீட்டை எடுத்து நீட்டினாள்.

அப்பா அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். முன்னும் பின்னும் திருப்பினார். ஓரத்தைப் பெருவிரலால் மெதுவாகத் தடவினார். எவ்வளவு நேரம்! பிறகு அதை அம்மாவிடமே கொடுத்து, "சரி. பாத்து இரு" என்றார். அப்பா ஏமாந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். பல வருஷமாகக் கட்டிங் மிஷினில் நிற்கிற மனிதருக்குக் கத்தரிக்கோல் வெட்டு தெரியாதா என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆண்டவர் கொடுத்தது களஞ்சியம். நெருப்பைப் பற்றி அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது நான், கத்தரிக்கோலோடு. அதை நம்பி அம்மா வெடிமருந்துக்குள் போய் உட்காரப் போகிறாள். அங்கே ஏதாவது ஆனால் ஆண்டவர், "நான் எங்கே சொன்னேன்?" என்று கேட்டுவிட்டால்? அவர் கேட்பதில் தப்பும் இல்லையே! ஆனால் சீட்டு அச்சானது அதே பிரஸ்ஸில். வசனமும் அதே வசனம். கோயில் தட்டில் கிடந்தால் வாக்கு, டப்பாவுக்கு அடியில் கிடந்தால் வேஸ்ட் என்று ஆண்டவர் பிரித்துப் பார்ப்பாரா? கலர் விலகினால் வாக்கும் விலகுமா?

ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் போய் நின்றேன். யாருக்கோ என்பது போல, "ஐயா, ஒருத்தருக்கு வந்த வாக்குத்தத்தம் இன்னொருத்தருக்குப் பலிக்குமா?" என்று கேட்டேன். அவர் சிரித்து, "ஆண்டவருடைய வாக்கு எல்லாருக்குந்தாம்மா" என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். எல்லாருக்கும் என்றால் எதற்குக் கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுக்கச் சொல்கிறார்கள்? அதைக் கேட்பதற்குள் அவர் பைக்கை எடுத்துவிட்டார். போன குழப்பம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

பிறகு ஜெபத்தில் ஆண்டவரிடமே பேரம் பேசிப் பார்த்தேன். கணக்கு நோட்டிலிருந்து களஞ்சியத்தை எடுத்து யாருக்கும் தெரியாமல் அம்மா பையில் வைக்கப் போனேன். அப்போது நெருப்புச் சீட்டை எடுத்துவிட வேண்டுமா, விட்டுவைக்க வேண்டுமா என்று தெரியவில்லை. எடுத்தால் அம்மாவுக்கு நெருப்புக்கு ஒரு வாக்கும் இல்லை. விட்டுவைத்தால் இருப்பது பொய் வாக்கு. பையைத் திறந்தபடியே நின்றுவிட்டு, களஞ்சியத்தோடு திரும்பி வந்தேன்.

சித்திரையில் ஒருநாள், பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது, தூரத்தில் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் முதலில் புகையைத்தான் தேடுவார்கள். டீச்சர் வெளியே போய், புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். அவருடைய அக்காவும் ஒரு கம்பெனிக்குப் போகிறவர். நான் எழுதிக்கொண்டிருந்த கேள்வி என்ன என்பதுகூட மறந்துபோனது. அம்மாவை நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். இதை எப்படி நாசூக்காகச் சொல்வது என்று தெரியவில்லை. அப்படியேதான் நினைத்தேன்.

கல்குவாரியில் வைத்த வெடியாம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு அது பத்தவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே முக்குக்குப் போய் நின்றேன். வேன் வந்தது. அம்மா இறங்கினாள். அவள் முழங்கை வரைக்கும் மருந்தின் வெள்ளிப் பூச்சு. காதோரத்து முடியிலும் அதே மினுமினுப்பு. நான் ஓடிப்போய் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"ஏட்டி, மேல ஒட்டிரும், தள்ளி நில்லு. என்னாச்சு?"

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கோயில் சீட்டு இது இல்லை, நான் வெட்டியது, நாளைக்கு அந்த ரூமுக்குப் போகாதே என்று கெஞ்சினேன். அம்மா கை கழுவிக்கொண்டே கேட்டாள். அடி விழும் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்ததுதான் எனக்கு விளங்கவில்லை.

"நீ வெட்டுனதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மொளகாப்பொடி எடுக்கப் போனா டப்பாவுக்குக் கீள ஓட்டை. சீட்டுல ஒரே நெடி. நான் என்ன கூறுகெட்டவளா?"

"அப்புறம் ஏம்மா அதைப் போயி அப்பாட்ட காட்டுன?"

"சித்தி முளுகாம இருக்கா. அவளத்தான் அந்த ரூமுக்குப் போடப் பாத்தாக. நாந்தான் அவளுக்குப் பதிலு நான் வாரேன்னுட்டேன். உங்கப்பாட்ட வேற என்னத்தச் சொல்லச் சொல்றே?"

"அப்ப அந்தச் சீட்டு பொய்தானேம்மா?"

அம்மா துண்டில் கையைத் துடைத்தாள். "வசனம் பொய்யில்ல. நீ வெட்டுனதுதான் கோணலு" என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே, "பரண்ல அந்தத் தாளு இன்னும் கெடக்கா?" என்று கேட்டாள். கிடக்கிறது என்றேன்.

"அதே வசனத்தப் பாத்து ஏளு வெட்டித் தா. இன்னைக்கு அந்தச் சத்தங் கேட்டதுல ரூமுல எல்லாரும் வெலவெலத்துப் போயிட்டாக. ஒருத்திக்கும் சோறு எறங்கல."

"அவுகல்லாம் வேதக்காரவுகளாம்மா?"

"ஒருத்திதான். மத்தவுகளுக்கு மாரியாத்தா."

"அப்ப அவுகளுக்கு எப்படி?"

"அவுகளும் அதே மருந்தத்தானே அள்ளுறாக" என்றாள் அம்மா.

பொய் என்று தெரிந்தே பையில் வைத்திருக்கிறாள். பொய்யில்லை என்றும் சொல்கிறாள். தனக்கு வராத வாக்கை, ஆண்டவரையே கும்பிடாதவர்களுக்குப் பங்கு வைக்கப் போகிறாள். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குப் புத்தி போதவில்லை. அம்மா சொல்லிவிட்டாள் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஏறிய பிறகு ஒரு விஷயம் உறுத்தியது.

ஆயுத பூஜைக்குப் பொரி வாங்க அம்மா என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப் போயிருந்தாள். அங்கே ஒவ்வொரு ரூமின் வாசலுக்கு மேலும் உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். மருந்து ரூமின் வாசலில் நான்கு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அம்மாவைக் கழித்தால் மூன்று.

"மூணு வெட்டினாப் போதுமேம்மா? நாலு பேருன்னுதானே செவத்துல எளுதியிருக்கு?"

அம்மா அடுப்பைப் பற்ற வைக்கப் போனவள், தீக்குச்சியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஏளு வெட்டு" என்றாள்.

அம்மா ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவள். கூட்டல் கழித்தலில் அப்பா அவளை எப்போதும் கேலி செய்வார். பாவம், கணக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஏழு தாள்களைப் பரணிலிருந்து இறக்கினேன்.