மேட்டுத் தக்காளி

பண்டாரவளைக்குக் கீழே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவுக்குச் சமைத்தவள் வேலாயி. மதுரைப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்தவள். வந்த வருஷமே அவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தாள். மகள் செவந்தியோடு, கூலிகளின் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா. இங்கிலீஷ் ஒரு எழுத்து அறியாதவள்தான், ஆனால் துரைசாணி ஒரு முறை செய்து காட்டினால் போதும், கேக்கோ தக்காளிச் சோஸோ அவள் கைக்கு வந்துவிடும்.

பங்களாச் சமையலறையான குசினியில் ஒதுக்கிய நசுங்கல் தக்காளியை வேலாயி மடியில் கட்டி வருவாள். செவந்தி அதை உப்புத் தொட்டுத் தின்பாள். பல் விழுகிற வயதில் அவளும் காய்ச்சலில் போனாள். ஓடைக்கு அப்பால் புதைத்தார்கள். புதைத்த மேட்டில் வைத்த படையலில் சோற்றோடு இரண்டு தக்காளிப் பழத்தையும் வைத்தாள் தாய். அடுத்த மழைக்கு மேட்டின் மேல் ஒரு செடி முளைத்தது.

அந்த மார்கழி மழை பங்களாத் தோட்டத்துத் தக்காளி முழுவதையும் அழுக வைத்துவிட்டது. கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், எங்கிருந்தாவது பழம் வரவேண்டும் என்றாள் துரைசாணி. ஓடைக்கு அப்பால் ஒரு செடி மட்டும் சிவந்து தொங்கியது. ஒரு பழத்தையும் காக்கை கொத்தியிருக்கவில்லை.

கூடையோடு வந்தவளை லயத்து வாசலில் பக்கத்துக் காம்பிராக் கருப்பம்மா மறித்தாள்.

“எங்க பறிச்சே?”

“எம்மக கிட்ட.”

“பொணக்காட்டுப் பழத்தையா தொரை வயித்துக்குப் போடப் போறே?”

“அவ குடுத்தா. நான் வாங்கிக்கிட்டேன்.”

பழங்களைக் கொதிநீரில் போட்டுத் தோலுரித்தாள். பிசைந்து, துணியில் வடித்து, வெங்காயம், கராம்பு, கறுவாப்பட்டை, சீனி, வினாகிரிக் காடி சேர்த்து அடுப்பில் வைத்தாள். குழம்பு கெட்டியாகிக் குமிழி வெடித்தது. உப்புப் பார்க்கப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டவள், நாக்குக்குக் கொண்டுபோகாமல் துடைத்துக்கொண்டாள். செத்தவர்களுக்கு உரியதை அவர்களுக்கு வைக்குமுன் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. முதல் கரண்டியை வாழையிலைத் துண்டில் ஊற்றிப் பின்வாசலில் வைத்தாள். காக்கை எதுவும் இறங்கவில்லை. சோஸைப் போத்தல்களில் அடைத்து மெழுகு வைத்து முடித்துப் பார்த்தபோது இலை துடைத்தாற்போல் இருந்தது.

நத்தார் முடிந்ததும் தோட்டக்காரன் தம்பையா மம்பட்டியோடு குசினிக்கு வந்தான்.

“வேலாயி, ஒஞ் சோஸு தொரைசாணியக் கிறுக்காக்கிருச்சு. அந்தச் செடியை வேரோட தோண்டிப் பங்களாவுல நடணுமாம். எங்க இருக்கு?”

வேலாயி கையைத் துடைத்துக்கொண்டு நேரே துரைசாணி அறைக்குப் போனாள்.

“அம்மா, அதைத் தோண்ட வேணாம். அதுக்கடியில எம்புள்ள இருக்கு.”

தட்டுப் பறக்கும் என்று எதிர்பார்த்தாள். துரைசாணி வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உன் பிள்ளை எவ்வளவு உயரம்?”

வேலாயி இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள்.

“அந்த சோஸ் திறந்த நாளிலிருந்து,” என்றாள் துரைசாணி, “மேசையில யாரோ என் பாவாடை இழுக்குது. குனிஞ்சு பார்த்தா ஆள் இல்லை.”

வேலாயிக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

“பேசுதாம்மா?”

“இல்லை. சும்மா இழுக்குது.”

செடியைத் தோண்டவில்லை. மிச்சமிருந்த போத்தலைத் துரைசாணி வேலாயியிடமே கொடுத்துவிட்டாள். அதன் பிறகு பங்களாவில் யாரும் யார் பாவாடையையும் இழுக்கவில்லை.

வேலாயி அந்தப் போத்தலைக் குசினி அலமாரியில் பல நாள் தொடாமல் வைத்திருந்தாள். தை பிறந்ததும் ஒரு காலையில் மெழுகை உடைத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை. அவள் போட மறந்திருந்தாள். உப்புக் கல் எடுக்கக் கையை நீட்டினாள். பின்னால் முந்தானை மெதுவாக இழுபட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு குசினியில் வேலாயி முந்தானையை இடுப்பில் செருகியதே இல்லை. அடுப்பில் பற்றிக்கொள்ளும் என்று தம்பையா சத்தம் போடுவான்.

“பத்தினா பத்தட்டும்,” என்பாள். “செருகினா எட்டாம போயிரும்ல.”